நண்டு கடித்த ஐந்து ரூபாய்

1

இந்தக் கதை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. ஒருவர் இதைப் பகிடியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வாவியின் மீது காலை வெயில் மெல்ல—'

வேண்டாம். வெயில் யாரையும் ஏமாற்றவில்லை.

இரண்டாவது: 1963, பெரியகல்லாறு. நண்டு விற்கும் பீற்றிஸ், அரசாங்க அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் வாசலில் கூடையை இறக்கினாள். ஐயா கொழுத்த நண்டுகளாகப் பார்த்து எடுப்பித்தார். ஐந்து ரூபாய்த் தாளைக் கூடைக்குள் போட்டார்.* மிஞ்சிக் கிடந்த நண்டொன்று தாளைக் கவ்வியது. அவள் இழுத்தாள். ஒரு மூலை, இலக்கத்தில் பாதியோடு, கூழாகிப் போனது.

"ஐயா, இது கிழிஞ்சிற்று. வேற தாள் தாங்க."

"நான் தரக்குள்ள முழுசாத்தானே கிடந்தது? கூடையும் உன்ட, நண்டும் உன்ட. போய் நண்டிட்டக் கேள்!"

பந்தியில் சிரித்தது இந்த இடத்தில்தான். பகிடி இங்கே முடிந்துவிட்டது.

(* கையில் கொடுக்கவில்லை. அவள் விரல் பட்டுவிடுமாம். அவள் விரல்கள் பிடித்த நண்டைத் தின்னலாம்.)

3

பீற்றிஸுக்கு அது முடியவில்லை. நாளைக் காலை அவள் மகள் மார்கிறட்டுக்கு முதல் நன்மை; தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். கோயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. துணி வாங்க இருந்தது அந்த ஒரு தாள். தைக்க ஓர் இரவு போதும் என்று எண்ணிக்கொண்டே, அண்ணன் முறையில் அவள் 'காக்கா' என்று கூப்பிடும் மீராசாஹிப்பின் துணிக்கடைக்குப் போனாள்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்பர்ல பாதியக் காணல்லியே, தங்கச்சி."

"நண்டு திண்டிற்று, காக்கா."

"அப்ப இத நான் ஆருக்குக் குடுக்கிற?"

"நண்டே வேணாமெண்டு துப்பல்ல. நீங்க ஏன் காக்கா வேணாங்கிறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் தாளை வாங்கவில்லை.

(முதலில் இவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். கோபத்தை ஆள்மாறிக் காட்டக்கூடாது.)

4

முடிவுகள்.

வங்கி மாற்றிக் கொடுக்கிறது. கொடுக்கலாம். இன்று சனி மாலை. வங்கி திங்கள்தான் திறக்கும்.

ஐயா மனம் இரங்கி— இல்லை. எழுதக் கை கூசுகிறது. அங்கே நண்டுக்கறி கொதிக்கிறது.

பீற்றிஸ் கிழிசலை உள்ளே மடித்து, விளக்குக் குறைந்த ஒரு கடையில்— முடியும். அப்போது கிழிசல் இன்னொரு ஏழையின் மடிக்குப் போகும். அவர் இன்னொருவருக்கு. ஊரில் எல்லோருடைய மடிக்கும் போகும். ஐயாவின் மடிக்கு மட்டும் போகாது. இதை எழுதினால் நானும் ஐயாவின் ஆள்.

5

ஞாயிற்றுக்கிழமை. கோயில் மணி அடித்துவிட்டது. மார்கிறட் .............. சட்டையில் வரிசையில் நிற்கிறாள்.

இடம் விட்டிருக்கிறேன். 'வெள்ளை' என்று நிரப்பத்தான் உங்களுக்கு ஆசை. எனக்கும்தான். நிரப்புங்கள். அதற்கு முன் பீற்றிஸ் நீட்டும் தாளை வாங்கிக்கொண்டு, முழுத்தாள் ஒன்றைக் கொடுங்கள்.

ஏன் யோசிக்கிறீர்கள்?