நின்றுகொண்டே ஒரு மேல்முறையீடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, ஒரு பக்க மனு. அக்கா புருஷனுக்காக, மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு. ‘கீழே கையொப்பமிட்டுள்ள நான்’ என்று தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே மாமா மேசையைத் தூக்கிவிட்டார். அதற்குமேல் மனு என் பேச்சைக் கேட்கவில்லை.

(மனுவில் யாரும் எதையும் தூக்கக் கூடாது. அதுவும், தூக்க முடியாது என்று சொல்லி உதவித்தொகை கேட்கிறவர்.)

2

கதைதான் என்று ஆன பிறகு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘ஊரைக் கட்டிய சிமெண்டையெல்லாம் சுமந்த முதுகு அது’. அடித்துவிட்டேன். முதுகைப் பற்றி இப்படி உருகுகிறவன் மூட்டை சுமந்திருக்க மாட்டான். நான் சுமந்திருக்கிறேன். வேலை இருக்கிறவரை முதுகு என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வராது.

‘அந்த அதிகாரி ஒரு கல்நெஞ்சக்காரி, அவள்’. இதையும் பாதியில் விட்டேன். பொய்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். மாமா சுமை தூக்கிய கிடங்கில் அடுக்கு சரிந்து சிமெண்ட் மூட்டைகள் அவர்மேல் விழுந்தன. முதுகெலும்பு நசுங்கியது. உடல் இயலாமை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். ‘இலகுவான வேலை செய்யலாம்’ என்று தள்ளுபடி செய்தார்கள். “அந்த இலகுவான வேலைய அவங்களே ஒண்ணு பார்த்துக் குடுக்கட்டும்” என்று அக்கா மேல்முறையீடு போட்டாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம்.

3

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அறையில் இருந்த மேசைக்கு ஒரு கால் போய்விட்டதாம். அலுவலக உதவியாளர் அம்மா பக்கத்து அறையிலிருந்து வேறொரு மேசையை இழுத்துக்கொண்டு வந்தார். அது தரையில் கீச்சிட்டது. சுமந்து பழகியவனுக்கு ஒரு பொருளை இழுப்பதைப் பார்க்கச் சகிக்காது.

“விடும்மா, கால் பிடுங்கிக்கும்” என்று மாமா எழுந்தார்.

“ஏங்க” என்றாள் அக்கா. அதற்குள் மேசை அவர் இடுப்பில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி படியேறி வந்தார். கையில் கோப்பும் தண்ணீர் பாட்டிலும். மாமா யார் என்று அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்து, மேசை உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரொம்ப நன்றிங்க” என்றார்.

(இங்கே அதிகாரியின் முகத்தில் ஒரு ஏளனத்தை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

உள்ளே கூப்பிட்டதும் அதிகாரி மாமாவையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உட்காருங்க.”

“இருக்கட்டும் மேடம்.”

“பரவாயில்ல, இங்க எல்லாரும் உட்காரலாம்.”

“இருக்கட்டும் மேடம்.”

அதிகாரி லேசாகச் சிரித்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டார். மாமாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த பிடியை அவர் பார்க்கவில்லை. அக்காவும் நானும் பார்த்தோம்.

“வெளியில நடந்ததை நான் பார்த்தேன். பார்த்ததை உங்ககிட்ட கேக்காம உத்தரவுல எழுதக் கூடாது. அதனால கேக்கறேன். மேசையைத் தூக்கினீங்களா?”

“தூக்கினேன் மேடம்.”

“வலிச்சுதா?”

“ஒரு மேசைதானே மேடம்.”

கடன்காரன் எதிரில் நின்றாலும் ‘இருக்கு, தர்றேன்’ என்று சொல்லிப் பழகிய வாய். அது வேறெப்படிப் பேசும்? பக்கத்தில் தட்டச்சு செய்கிறவர் அதை அப்படியே அடித்துக்கொண்டார்.

நான் துணைக்கு வந்தவன், பேச அனுமதி இல்லை. அக்காவுக்கு உண்டு.

“மேடம், அவரு நிக்கிறது மரியாதைக்கு இல்ல, அவரால”

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “சொல்லுங்கம்மா.” அவசரமில்லாமல் காத்திருந்தார்.

“ஒண்ணுமில்ல மேடம்.”

“உத்தரவை இன்னிக்குச் சொல்லல. வேற ஏதாவது சொல்லணும்னா எழுத்துல குடுங்க. அவர் கையெழுத்து இருக்கணும். படிச்சிட்டுத்தான் முடிவு பண்ணுவேன்.”

இப்போது தெரிந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்த மனு, அக்கா பாதியில் விட்ட அந்த வாக்கியத்தின் மீதிதான்.

5

விசாரணை முடிந்து வந்து படுத்த மாமா புரண்டு படுக்கவும் அக்கா கை வேண்டியிருந்தது. இப்போது எழுந்து நிற்கிறார். உட்காரத்தான் முடியவில்லை. இதுவரை எழுதியதைச் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். அவர் சுவரில் சாய்ந்து கேட்டார்.

“அது தேக்கு மேசை மாப்ள. நீ வெறும் மேசைன்னு போட்டிருக்க.”

“ஆமா, மேல ஒரு யானை படுத்திருந்ததுன்னும் போடச் சொல்லுங்க. பணம் வாசல்ல வந்து கதவத் தட்டும்” என்றாள் அக்கா.

“எழுதறதுன்னா உள்ளபடி எழுதணும்ல?”

“அப்போ உட்கார முடியாம நின்னதையும் உள்ளபடி எழுதணும் மாமா” என்றேன்.

“அத எடுத்துடு.”

“ஏன்?”

மாமா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். “அந்தம்மா கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என்னை வேலை செய்யறவன்னு நெனச்சு நன்றி சொன்னாங்க. மூட்டை விழுந்ததுலேருந்து வேற யாரு சொன்னா? இப்போ போயி, அது நான் இல்ல மேடம்னு எழுதிக் குடுக்கணுமா?”

(இந்த இடத்தில் என்னிடம் ஒரு நல்ல வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். அவர் சொன்னதே போதும்.)

“தினமும் உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறேனே, எனக்கு யாரு நன்றி சொன்னா?” என்றாள் அக்கா.

“சொன்னா அடிக்க வருவ.”

“ஆமா, வருவேன்.” அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

6

முடிவுகள்.

அ) மாமா கையெழுத்துப் போடுகிறார். அதிகாரி படிக்கிறார். தள்ளுபடி ரத்தாகிறது. எழுதிப் பார்த்தேன். நடக்காததை நடந்ததாக எழுதி அக்காவிடம் காட்டத் தைரியம் வரவில்லை.

ஆ) ‘மேல்முறையீட்டாளர் என் கண்ணெதிரே மேசையைத் தூக்கினார், ஆகவே’. இது தடங்கலில்லாமல் ஓடியது. கெட்ட முடிவுகள் எப்போதும் அப்படித்தான். “வாயில நல்லதா நாலு வார்த்தை வராதா உனக்கு?” என்று அக்கா தாளைப் பிடுங்கிக் கசக்கினாள்.

இ) கதையை ஓரமாக வைத்தேன். புதுத் தாள் எடுத்தேன். ‘அன்று நான் நின்றது மரியாதைக்காக இல்லை. மேசையைத் தூக்கிய பிறகு என்னால் உட்கார முடியவில்லை.’ அவ்வளவுதான் எழுதி வாசித்தேன்.

மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “மரியாதையும் இருந்துச்சு மாப்ள. அதையும் போடு” என்றார்.

போட்டேன்.

‘மரியாதையும் இருந்தது.’

கையெழுத்துப் போட அவரால் உட்கார முடியாது, குனியவும் முடியாது. அக்கா காய் நறுக்கும் பலகையைக் கழுவித் துடைத்து, அதன்மேல் தாளை வைத்து, அவர் நெஞ்சு உயரத்துக்கு ஏந்திப் பிடித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். இன்னும் போடவில்லை.

என் வேலை இவ்வளவுதான். நீங்கள் மாமாவாக இருந்தால் போடுவீர்களா? அந்த அதிகாரியாக இருந்தால், மாமா சுமந்துவந்த அதே மேசைமேல் வைத்து இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவீர்கள்?

யோசியுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகையைப் பிடித்திருக்கிற அக்காவுக்குக் கை வலிக்கும். கேட்டால் சொல்ல மாட்டாள்.