பூனைக்கண்ணுக்குப் புதுமூஞ்சி

...த்தூ, இந்த மூஞ்சிக்கா இத்தனை மினுக்கு என்று எர்லிந்தா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எவரிஸ்தோ அள்ளிப் பூசியிருந்த சென்ட்டும் சீட் உறையின் பிளாஸ்டிக் நாற்றமும் சேர்ந்து குமட்டியது, ஊர் நடுவிலிருக்கிற பிளாசாச் சதுக்கத்தை இது இரண்டாவது சுற்று, ஞாயிறு சாயங்காலமானால் தெலிசியாஸ் ஊரில் இருக்கிற பிக்கப் வண்டியெல்லாம் இங்கேதான் ஊர்ந்து ஊர்ந்து சுற்றும், ஓட்டுகிறவன் பக்கத்தில் எவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊரே எட்டிப் பார்க்கும், பார்க்கட்டும் என்றுதானே கூட்டி வந்திருக்கிறான், சுற்றி முடித்ததும் அவன் அக்கா ஒதிலியா வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே கறி சுட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள், இவள் சரி என்று சொல்லிவிட்டால் டிசம்பரில் கல்யாணம்... புருஷன் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து இதெல்லாம் தேவையா, தேவைதான் என்று இன்று வண்டியில் ஏறும்வரை நினைத்திருந்தாளே.

மக்காச்சோளம் விற்கிறவன் வண்டியை மறித்துக்கொண்டு, "அண்ணே, சும்மா பளபளங்குதே, புதுசா?" என்று கேட்டான், இவனும் வாய் கூசாமல், "பின்னே? இப்ப வந்த தலைமுறைடா, பழசெல்லாம் நம்மகிட்ட கிடையாது" என்று சொல்லி அவள் தொடையில் ஒரு தட்டு வேறு தட்டினான், ச்சீ, கையைப் பார், மோதிரத்தைப் பார், மீசைக்கு அடித்த மை உதட்டில் இறங்கியிருப்பதைப் பார்... யாரிடம் அளக்கிறான், ஓட்டை வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்றுப் பிழைக்கிறவளிடமா? கடைக்கு வருகிறவன் எந்த வருஷத்து வண்டி என்று சொன்னால் அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள், கம்பெனிக்காரன் விளக்கை மாற்றுவான், முன்கம்பியை மாற்றுவான், புதுசு புதுசு என்று கூவுவான், அதெல்லாம் தலைமுறையா, கூரையும் கதவும் அடிச்சட்டமும் மாறினால்தான் தலைமுறை, உருண்டை விளக்கு வண்டிக் கதவைக் கழற்றி, அடுத்து வந்த பூனைக்கண் மாதிரி விளக்கு வைத்த வண்டியில் மாட்டினால் கச்சிதமாக உட்காரும், ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், பூனைக்கண் கதவைக் கொண்டுபோய் அதற்கடுத்து வந்த சதுரக்கண்ணில் மாட்டு பார்ப்போம், தலைகீழாக நின்றாலும் மாட்டாது.

முதல் சுற்றில்தான் பார்த்தாள், மருந்துக்கடையின் பெரிய கண்ணாடியில் வண்டி பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தது, இத்தனை நாளும் வாசலில் மூக்கை நீட்டியபடியே நிறுத்துவான், இன்றுதான் விலா தெரிந்தது, சதுரக்கண் மூஞ்சி, அதற்குப் பின்னால் கூரை அதே பழைய சரிவு, கதவு மூலை அதே வளைவு, எஞ்சின் மூடியும் கதவும் சேருகிற இடத்தில் ஒட்டுத் தெரியாமலிருக்க அப்பின பட்டி... பூனைக்கண்! மூஞ்சியை மட்டும் மாற்றி வைத்திருக்கிறான், செத்ததன் மூஞ்சியில் இன்னொன்றின் தோலை ஒட்டின மாதிரி இருந்தது, பழைய வண்டி என்று சொன்னால் நான் ஏற மாட்டேனா, என் பிழைப்பே பழசுதானேடா, பொய்தானே வேண்டாம் என்கிறேன், வண்டிக்கே இப்படி என்றால் இவன் சொன்ன மற்றதெல்லாம்...

"என்ன, வாயைத் திறக்கவே மாட்டேங்கிற? அக்காகிட்ட சரின்னு சொல்லிடுவல்ல?"

"பாப்போம்."

"பாப்போமா? நல்லாருக்கே கதை!"

ஒதிலியா வீட்டு வாசலில் வண்டி நின்றது, புகையும் கறிவாசனையும் வந்தன, ஆம்பிளைகள் பீர் பாட்டிலோடு வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள், இப்போதே போட்டு உடைத்துவிடலாமா, இவர்கள் முன்னாலேயே, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இறங்கினாள், கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி ஒரு தள்ளு தள்ளினாள், கிளிக்கென்று சாத்திக்கொண்டது.

"பாத்தியாக்கா," என்று எவரிஸ்தோ சிரித்தான், "நாங்க நாலு தரம் அறைஞ்சாலும் சாத்தாது. முதல் நாள் ஏறுனப்பவே இவ தூக்கிச் சாத்திட்டா, யாரும் சொல்லித் தரல."

கீல் தேய்ந்து தொங்குகிற கதவு, பூனைக்கண் கதவு, அதைத் தூக்கித்தான் சாத்த வேண்டும் என்பது கடையில் பழகின கைக்குத் தெரியும்... முதல் நாளேவா? கை கைப்பிடியிலேயே இருந்தது. அன்றைக்கே தெரியுமா அவளுக்கு, தெரிந்துதான் ஏறி உட்கார்ந்தாளா, அப்படியானால் இத்தனை நேரமும் குமட்டியது யாரைப் பார்த்து?

"உள்ள வாம்மா," என்றாள் ஒதிலியா, "என்ன முடிவு பண்ணியிருக்க?"