பின் அக்சில்

சாகாமத்து வயல் வழியில் ஜீப் மூன்றாம் தரமும் புதைந்தபோது, பின்னால் நின்று தள்ளிய றஸ்னா கவனித்தாள்: ஒரு பின் சில்லு சேற்றில் வீணாகச் சுழன்றது, மற்றது அசையவேயில்லை. மறுநாள் காலையிலேயே கல்முனையில் பழைய சாமான் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஸமட் பின் சில்லுகள் இரண்டையும் பூட்டும் பளபளத்த ஒரு அக்சிலைக் காட்டினார். "நல்ல மொத்தமான இரும்பு. எதுக்கும் உங்கட மாப்பிள்ளையக் கூட்டி வாங்க, தங்கச்சி."

அவள் அதன் ஒரு முனையைக் கையால் சுழற்றினாள். மறுமுனை எதிர்ப்பக்கம் சுழன்றது. மூலையில் துருவேறிக் கிடந்த இன்னொன்றைச் சுழற்றினாள். இரு முனையும் ஒரே பக்கம் சுழன்றன.

"ஸமட் நானா, இதுதான் ரெண்டு சில்லையும் ஒண்டா இழுக்கும். ஏத்துங்க."

"மாப்பிள்ளைக்கிட்ட ஒரு சொல்லுக் கேக்காமலா?"

"ஜீப்ப ஓட்டி மூணு தரமும் புதைச்சவரே அவர்தான்."