எடுத்துவிட்ட ரெசிஸ்டர்

சிப் இன்னும் விழிக்கவில்லை. அதற்குள் மோட்டார் அசைந்துவிட்டது.

தராசுக்காரர் ஒயரைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். கடைகளின் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. ஆசைக்குச் செய்யும் வேலை வேறு. அது அவர் கடையின் பின்னறையில், மேசை விளக்கின் கீழ் நடந்தது. தானே வரைந்து அச்சிட்டு வரவழைத்த பச்சை போர்டு, அதில் ஒரு சிப், கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டர். மோட்டார் சுற்றும் தட்டில் இருபத்தோரு குழிகள். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு குழி நகரும், பீப் என்று கத்தும், கீழே குவளையில் ஒரு மாத்திரை விழும்.

மேசையில் இருந்தது எதிர்வீட்டுக்காரர் கேட்ட பெட்டி. முதல் பெட்டி ஆறு வாரமாக அண்ணன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். டிர்ர். கண் இமைக்கும் நேரம்தான். போர்டின் மின்னழுத்தத்தைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை இழுத்து, அதன் கொக்கியை டிரான்சிஸ்டரின் காலில் மாட்டினார். சொருகினார். மோட்டார் பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடந்தது. பத்து முறை சொருகிப் பார்த்தார். பத்து முறையும் அசையவில்லை. கொக்கியைக் கழற்றினார்.

டிர்ர்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் பெட்டியைச் செய்த இரண்டு மாதமும் அந்தக் கொக்கி அந்தக் காலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்த வரை பெட்டி ஒழுங்காக இருந்தது. கொக்கி வழியாகக் கசிந்த துளி மின்சாரம்தான் அந்தக் காலைத் தரையோடு கட்டிப் போட்டிருந்தது. அந்த வேலைக்கென்றே வரைபடத்தில் முதலில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. பத்தாயிரம் ஓம், பாதி அரிசி அளவு. சிப் விழித்து டிரான்சிஸ்டரைத் தன் பிடியில் எடுக்கும் வரை, அந்தக் கால் அந்தரத்தில் ஆடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

அதை எடுத்தது அவர்தான். அதற்கு இடம் விட்டால் ஒரு செம்புக் கோடு சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போர்டின் அழகு கெட்டது. சிப்தான் விழித்ததும் முதல் வேலையாக மோட்டாரை நிறுத்திவிடுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓர் இரவு முழுக்க யோசித்து அதை நீக்கினார். கோடுகள் வாரிவிட்ட தலைமுடி போல நேராக வந்தன. அந்தப் படத்தை மனைவியிடம்கூடக் காட்டினார்.

"நல்லா இருக்குங்க. இது என்னன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள் அவள்.

ஓர் அசைவுதானே, ஒரு மயிரிழைதானே என்று விட்டுவிட முடியவில்லை. சிப்பின் நிரலில் அவரே ஒரு பாதுகாப்பு எழுதியிருந்தார். தட்டு இரண்டு குழிகளுக்கு நடுவே நிற்பதைக் கண்டால், பாதியில் விட்ட வேலை என்று எண்ணி, சிப் அதை அடுத்த குழி வரை ஓட்டி முடிக்கும். மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்த மயிரிழை, தட்டை அதன் இடத்திலிருந்து தள்ளும். மிச்சத்தைச் சிப் பொறுப்பாகச் செய்து கொடுக்கும்.

அண்ணன் தெருவில் மின்சாரம் போனதே கிடையாது, போன வெள்ளிக்கிழமை வரை. அன்றுதான் கேபிள் பதிக்கத் தெருவைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை அண்ணி போன் செய்திருந்தாள். "தம்பி, ஞாயித்துக்கெழம ராத்திரி வரைக்கும் வரணும்ல? பெட்டி இப்பவே காலி. பதினேழு போட்டுட்டு இருபத்தொண்ணுன்னு நெனச்சிட்டேனா தெரியல."

"மெஷின் எண்ண மறக்காது அண்ணி. கைதான் மறக்கும்" என்று சிரித்திருந்தார். திங்கள் காலையில் அவள் இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாக எண்ணி நிரப்பிவிட்டுத் தையல் ஆலைக்குப் போனாள். அங்கே வேலை முடியும் வரை போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

இன்று செவ்வாய், பிற்பகல். மாத்திரை இதயத்தை மெதுவாக ஓட வைப்பது.

அண்ணனுக்குப் போன் போட்டார். நெடுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"என்னடா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"என்கிட்ட ஏன் கேக்குற? உன் பெட்டிகிட்ட கேளு."

"வெளையாடாதீங்கண்ணே. ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"ஞாபகம் இருந்தா எனக்கு எதுக்குடா பெட்டி? கத்துது, விழுது, முழுங்குறேன். நீதானே சொன்ன, விழுந்தா முழுங்குங்க, யோசிக்காதீங்கன்னு." மூச்சு வாங்கினார். "இன்னைக்கு அது ரொம்ப சுறுசுறுப்பா இருக்கு. எனக்குத்தான் கண்ணைச் சொருகுது."

"நான் சொல்றதைக் கேளுங்க. இனிமே ஒண்ணுகூடப் போடாதீங்க. பெட்டி ஒயரைப் புடுங்கிடுங்க."

"சரிடா."

"புடுங்கிட்டீங்களா?"

மறுமுனையில் எங்கோ துளைபோடும் இயந்திரத்தின் அதிர்வு மட்டும் கேட்டது.

"எதைடா?" என்றார் அண்ணன்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். செருப்பில் ஒன்று கடை வாசலிலேயே கிடந்தது. அண்ணன் தெரு முனைக்கு வந்தபோது மருந்துக்கடையின் பலகை விளக்கு அணைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எரிந்தது. அடுத்து சலூனின் கண்ணாடிகளுக்கு மேலிருந்த குழல்விளக்கு இரண்டு தடவை துடித்து வெளிச்சமானது. ஒவ்வொரு விளக்காக உயிர் பெற்று அந்த வெளிச்சம் தெருவின் உள்ளே போவதை அவர் பார்த்தார். அதை முந்த முடியாது. சற்று நேரத்தில் எல்லாம் மறுபடி அணைந்தன. பள்ளத்துக்குள்ளிருந்து ஒருவன், "ஓரமா போங்க சார், உள்ள விழுந்துடாதீங்க" என்றான்.

மூன்றாம் மாடி. கதவு திறந்தே கிடந்தது. அறை இருட்டு. அண்ணன் சாய்வு நாற்காலியில், கையெட்டும் அலமாரிப் பக்கமாகத் தலை சரிந்து கிடந்தார். நெற்றி நனைந்திருந்தது, கை சில்லிட்டிருந்தது. தராசுக்காரர் முழங்கால் போட்டு மணிக்கட்டைப் பிடித்தார். கிராம் கணக்கில் பிசகு பார்த்துப் பழகிய மனிதர் அரை நிமிடம் எண்ணினார். பதினேழு. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, இனி வராது என்று நினைக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

அலமாரியில் பெட்டியின் கண்ணாடி மூடி வழியாகத் தட்டு தெரிந்தது. ஐந்து குழிகள் காலியாக இருக்க வேண்டும். பதினான்கு காலியாக இருந்தன.

"அண்ணே. அண்ணே, இங்க பாருங்க."

"வந்துட்டியா" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "உக்காரு. அண்ணி வந்துடுவா."

கீழே தொலைவில் சைரன் வந்தது. நெருங்கியது. பிறகு தெரு முனையிலேயே, தோண்டிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நின்றுவிட்டது.

தலைக்கு மேல் மின்விசிறி முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

டிர்ர். அவர் திரும்புவதற்குள் தட்டு நகர்ந்து முடிந்திருந்தது. பீப். குவளையின் அடியில் மாத்திரை விழுந்த சத்தம் அந்த அறையில் தெளிவாகக் கேட்டது.

அண்ணனின் கண்கள் மூடியே இருந்தன. ஆனால் அவர் கை தானாக எழுந்து, தடுமாறாமல், குவளையை நோக்கிப் போனது.

தராசுக்காரர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அது நிற்கவில்லை. நம்ப முடியாத பலத்தோடு அவரைத் தள்ளியது.

"விடுடா" என்றார் அண்ணன். "விழுந்துடுச்சுல்ல."