வைத்தியரிடம் பேசிய மரியாதைப் பேச்சு

சவுரியப்பன் மலாயாவிலிருந்து கம்பைநல்லூருக்குத் திரும்பியது நாற்பத்தாறாம் ஆண்டு, ராகி அறுவடை சமயம். தன் வீட்டுக்குப் போகுமுன் மாயவன் வீட்டு வாசலில் போய் நின்றான். இருவரும் ஒன்றாகக் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள்.

மாயவன் மனைவி பாஞ்சாலி கதிர் அடித்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் இவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கையிலிருந்த தடியைக் கீழே போட்டாள்.

"வருவாரு, வருவாருன்னு ஊரே நாலு வருசமா சொல்லுது. நீங்களாச்சும் உள்ளத சொல்லுங்கண்ணா."

வழியெல்லாம் அவன் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல ஆஸ்பத்திரி, கட்டில், தூக்கத்திலேயே பிரிந்த உயிர் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"மாயவன் போயிட்டாம்மா. சயாம் காட்டுல, ரயில் பாத போட்ட எடத்துல. காலரா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னான். சண்டையில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் இருவரையும் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சவுரியப்பன் அவர்கள் பேச்சைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டதால், வேலை ஏவும்போது தமிழாக்கிச் சொல்லும் ஆளானான். தூக்கு, நட, ஓடு. அவனுக்குப் பேசத் தெரிந்த ஜப்பானியம் அவ்வளவுதான்; காதில் விழுவது ஓரளவு புரியும். மாயவன் விழுந்த அன்று முகாம் வைத்தியர் எட்ட நின்று பார்த்து, "சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் அதையேதான் சொல்வார். எதிர்த்துக் கேட்டால் அறைதான் விழும். சவுரியப்பன் சமையற்காரச் சிப்பாய் ஒருவனிடம் ஓடி, பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டு வந்து, வைத்தியர் முன் இடுப்பு வளையக் குனிந்தான்.

"கோ என்ரியோ நாக்கு, ஷோஜிகி நா கோ இகென் ஓ ஓகிகசே குதசாய்." தயங்காமல் தங்கள் மனத்தில் பட்டதை உள்ளபடி சொல்லியருளுங்கள் என்று அர்த்தம்.

வைத்தியர் தணிந்த குரலில், "மருந்து இல்லை. இன்று பொழுது தாங்கமாட்டான். நீ வேலைக்குப் போக வேண்டாம், அவன் பக்கத்தில் இரு" என்றார்.

பாஞ்சாலி கேட்டாள்: "நீங்க கேக்காம இருந்திருந்தா?"

"பொழச்சிக்குவான்னு நம்பி வேலைக்குப் போயிருப்பேன். தனியாத்தான் செத்திருப்பான்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒம் பேரச் சொன்னான்னு சொல்ல எனக்கும் ஆசதான். அவன் சொல்லலம்மா. தண்ணி கேட்டான், குடுத்தேன். எங்கையப் புடிச்சிக்கிட்டான். வுடவேயில்ல."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் எழுந்தாள்.

"உள்ள வாங்கண்ணா. அத்த இருக்காங்க. அவங்களுக்கும் இப்பிடியே சொல்லணும்."

"கொஞ்ச நாள் போவட்டுமே."

"வேணாம். பெத்தவங்க. காது மந்தம், சத்தமா சொல்லுங்க."

சவுரியப்பன் குனிந்து உள்ளே போனான். பாயில் படுத்திருந்த கிழவியின் காதருகே உட்கார்ந்து, "மாயவன் போயிட்டாம்மா" என்று உரக்கச் சொன்னான்.