இடப்பக்கம் இழுத்த காடி

கணேசமூர்த்திக்குப் பொய் சொல்ல வராது. அப்படிப்பட்டவன்தான் அன்று யூசுப் பாயின் பட்டறைக்குள் மோட்டார் காடியைக் கொண்டுவந்து நிறுத்தி, "எங்கேயும் மோதல பாய், தானாவே இடப்பக்கம் இழுக்குது" என்று கூசாமல் சொன்னான். சொல்லும்போது காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

காடி அவனுடையது இல்லை. ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரத் தோட்டத் துரை ஒருவன் விட்டுவிட்டு ஓடியது. இப்போது அதில் ஜப்பானிய அதிகாரி போகிறார், ஓட்டுவது மூர்த்தி. காலையில் அதிகாரியை அலுவலகத்தில் இறக்கிவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஆயர் குரோ பக்கம் போனான். அங்கே ஒரு மலாய்க்காரரிடம் மனைவி அஞ்சலையின் கல்யாணச் சேலையைக் கொடுத்து ஒரு பை அரிசியைத் திருட்டுத்தனமாக வாங்கினான். மாதக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கே தின்று மகளுக்குக் கால் வீங்கியிருந்தது. பெற்றவன் வேறென்ன செய்வான்? பையைப் பின் இருக்கைக்கு அடியில் திணித்துக்கொண்டு திரும்பும் அவசரத்தில், இடது முன்சக்கரம் சிறு பாலத்துக் கல்லில் மடாரென்று இடித்தது.

பெரிய அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு காடி இடப்பக்கமே போனது. நேராக ஓட்டினால் ஸ்டேரிங் கோணலாக நின்றது. பின்னால் உட்காரும் அதிகாரியின் கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் தப்பினாலும் தெரியும், ஸ்டேரிங் கோணல் தெரியாமல் போகுமா? ரப்பர் மரங்களுக்கு நடுவே நிறுத்தி, ஸ்டேரிங்கைக் கழற்றி, ஒரு பல் தள்ளி நேராகப் பொருத்தினான். அடிபட்ட இடத்தில் சேற்றை அப்பினான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அப்போது கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டான், பாவம். இரண்டு மணிக்கு அதிகாரி மூவாருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் காடி சரியாகாவிட்டால் எங்கே இடித்தாய், எதற்குப் போனாய் என்று கேள்வி வரும். அந்தக் கேள்விகளின் முடிவில், ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் வேலை வாங்கும் சயாம் ரயில் பாதை இருந்தது. அங்கே போனவர்கள் யாரும் தன் ஊரான காஜா பெராங்குக்குத் திரும்பி வந்ததாக அவன் கேள்விப்படவில்லை.

யூசுப் பாயிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால், அவர் ஜப்பான்காரனுக்கு ஒட்டுக் கேட்கிறவர் என்று ஊர் பேசியது. பட்டறையில் பாதிக்கு மேல் ராணுவ லோரி வேலை. போன மாதம் பக்கத்துத் தெருவில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து பட்டறையைக் கடக்கும்போது ஜனங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பாய் ஓரத்தில் நின்ற ராணுவ லோரியைக் காட்டினார். "பன்னெண்டுக்கு இது வேணுமாம். சரி, பெரிய ஆளோட காடி, அரை மணியில பாத்து அனுப்பிடுறேன்."

அரை மணியில் முடியவில்லை. காற்றைப் பார்த்தார், இரண்டு பக்கமும் சமம். சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார், இடப்பக்கமே இழுத்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று ஜாக்கியில் தூக்கிச் சுற்றினார், இரண்டும் தடையில்லாமல் சுற்றின. டயர்களில் சாக்பீஸால் கோடு போட்டு, மூங்கில் குச்சியால் முன்னிடைவெளியும் பின்னிடைவெளியும் அளந்தார். முன்னால் ஒரு நூல் குறைவு. அது இருக்க வேண்டிய அளவுதான். ஒவ்வொரு தடவை பாய் நிமிரும்போதும் மூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஊரெல்லாம் டோக்கியோ நேரம்தான்; மணி பதினொன்றேகால்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "இடிச்ச காடி மாதிரிதான் இழுக்குது. ஆனா இடிச்சிருந்தா ஸ்டேரிங் கோணலா நிக்கணும், இது நேரா நிக்குது. எனக்குப் புடிபடல தம்பி. நாளைக்குக் கொண்டாங்க. நான் லோரிய முடிக்கணும்."

நாளைக்கு என்றால் மூர்த்தி இன்று இரண்டு மணிக்கே மாட்டிக்கொள்வான். பயம் இரண்டு பக்கமும் இருந்தது. பக்கத்தில் நின்ற பாய்மேல் இருந்த பயத்தைவிட, இரண்டு மணிப் பயம் பெரிதாகிவிட்டது. "இடிச்சுட்டேன் பாய்" என்றான். வாய் திறந்த பிறகு மூட முடியவில்லை. பாலத்துக் கல், சேறு, ஸ்டேரிங், கடைசியில் கேட்காத அரிசியையும் சொல்லித் தொலைத்தான்.

பாய் குனிந்து அடிபட்ட இடத்துச் சேற்றைச் சுரண்டினார். "வந்ததுமே சொல்லியிருந்தா ஒரு மணி நேர வேலை" என்றார். அவ்வளவுதான்.

ஒரு கயிற்றை எடுத்து, வலப்பக்கம் பின்சக்கர நடுவிலிருந்து முன்சக்கர நடுவரை இழுத்து முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை இடப்பக்கம் பிடித்தார். முடிச்சு ஓர் அங்குலம் தாண்டிப் போய் நின்றது.

"அச்சு பின்னால தள்ளிருக்கு. அச்சத் தாங்குற வில்லுப்பட்டைக்கு நடுவுல இருக்கிற போல்ட்டு அறுந்துருச்சு."

"லோரி, பாய்?"

"அத நான் பாத்துக்கிறேன். அந்த ஜாக்கிய இங்கிட்டு நகத்துங்க."

வில்லைப் பிடித்திருந்த பட்டைகளைத் தளர்த்தி, அச்சை ஜாக்கியால் முன்னுக்குத் தள்ளி, புதுப் போல்ட்டு போட்டு இறுக்கினார். ஸ்டேரிங்கையும் பழைய பல்லுக்கே மாற்றினார். காஜா பெராங் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். கையை விட்டாலும் காடி நேராகப் போனது. மூர்த்திக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. மூன்று சிப்பாய்கள் லோரியின் பக்கத்தில் நின்றார்கள். மூடி கழற்றிய எஞ்சின் அப்படியே கிடந்தது. இருவரும் இறங்கி இடுப்பை வளைத்து வணங்கினார்கள். ஏன் முடிக்கவில்லை என்று ஒருவன் மலாயில் கத்தினான்.

மூர்த்தி நிமிரவில்லை. இப்போது பாய் கையை நீட்டுவார், என்னைக் காட்டுவார், இருக்கையைத் தூக்கச் சொல்வார் என்று காத்திருந்தான்.

"சாலா சாயா, துவான்" என்றார் பாய். தப்பு என்னுடையது.

அறை விழுந்தது. பாய் விழுந்து, எழுந்து, மறுபடி வணங்கினார். சிப்பாய் மறுபடி அறைந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. காடியின் முன்னால் இருந்த அதிகாரியின் கொடியைப் பார்த்துவிட்டு, இன்னொரு சிப்பாய் மூர்த்தியைப் போகச் சொல்லிக் கையசைத்தான். மூர்த்தி போனான். ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

அதிகாரி மூவார் வரை தூங்கிக்கொண்டே வந்தார். மகள் அன்று சோறு சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு தேவதாஸ் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பட்டறை பாய்க்கு ஒரு காது கேக்கலையாம். யாருக்காக ஒட்டுக் கேட்டானோ, அவனுங்களே அறைஞ்சுட்டானுங்க. அவன்கிட்ட மட்டும் வாயத் தொறந்துறாத, மூர்த்தி."

பாய் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று தேவதாஸ் கேட்பான். மூர்த்தி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"சரி, தொறக்கல" என்றான்.