ஈட்டிமரப் பெஞ்சு

ஷெட்டுக்குள் அடுக்கியிருந்த சாமான்களுக்கு அடியிலிருந்து வேல்குமார் அந்தப் பெஞ்சின் காலைப் பிடித்து இழுத்தான். மேலே கிடந்த இரண்டு நாற்காலிகள் சரிந்து விழுந்தன. வாசலிலிருந்து மருதாசலம் பெரியப்பா கூப்பிட்டார்.

"குளிப்பாட்டோணும்டா, நேரமாச்சு. ஒரு பெஞ்சு எடுக்க இத்தனை நேரமா?"

"வந்துட்டனுங்க."

அவன் அண்ணன் சென்னிமலை விடிகாலையில் குளியலறைக்குப் போனவர் கதவோரத்திலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உள்ளே கூடக் கொண்டுபோகவில்லை. திரும்பி வந்த ஆம்புலன்ஸில் வேல்குமார்தான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஐம்பத்தேழு வயது.

ஷெட்டில் பெஞ்சுகள் இரண்டு இருந்தன. ஒன்று பச்சை பெயின்ட் அடித்தது. ஒரு காலில் தகரப்பட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. அதைக் காலையிலேயே தூக்கிப் பந்தலுக்கு வெளியே போட்டுவிட்டான், மேளக்காரர்கள் உட்கார. மற்றது இது. கருஞ்சிவப்பாய், குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. ஈட்டிமரம் கருப்பாக இருக்கும் என்று வேல்குமாருக்குத் தெரியும். மரத்தைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

பிணத்தைக் குளிப்பாட்டிய பெஞ்சு மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. பிணத்தோடு சுடுகாட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட வேண்டும். அவன் பங்காளிகளில் அதுதான் வழக்கம். அதனால் இதற்கென்று யாரும் நல்ல பெஞ்சை எடுக்க மாட்டார்கள். பந்தல்காரரிடம் சொன்னால் ஆடுகிற பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போடுவார். இன்றும் கொண்டுவந்திருந்தார். வேல்குமார் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

அவனுக்கு ராமரின் பெஞ்சுதான் வேண்டும்.

ராமர் சாத்தூர்ப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லராக வந்து, பிறகு லோடு ஆட்டோ வாங்கித் துணி ரோல்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு சென்னிமலை, துணியை அழுத்தித் தேய்க்கிற காம்பாக்டிங் கம்பெனி வேலையை விட்டார். பொழுது போகவில்லை. எங்கேயோ ஒரு டீக்கடையில் இரண்டு பேருக்கும் பழக்கமாகி, பழைய மரச்சாமான் தேடி வாங்குகிற கிறுக்கு பிடித்துக்கொண்டது. முதலில் இரண்டு பேருக்கும் ஒரு எழவும் தெரியாது. காங்கேயத்தில் ஒரு வீட்டை இடிக்கிற இடத்தில் பர்மா தேக்கு, நூறு வருசம் என்று ஒரு நாற்காலி வாங்கினார்கள். வழியில் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் புத்தம்புது ஸ்டார் ஸ்க்ரூ. ரோட்டோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அண்ணன் இதைச் சொல்லும்போதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணன் அப்படிச் சிரித்து வேல்குமார் பார்த்ததே இல்லை.

பிறகு மெல்லக் கற்றுக்கொண்டார்கள். மேல் பக்கத்தைப் பார்க்காதே, அடியைப் பார். கைரம்பம் அறுத்த தடம் கோணல்மாணலாக ஓடும், மிஷின் தடம் கோடு போட்ட மாதிரி இருக்கும். பெயின்ட் அடித்திருந்தால் பயப்படாதே, பாலிஷ் போட்டிருந்தால் பயப்படு. வேல்குமார் வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் அண்ணன் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ராமர் இப்படிச் சொல்றான், ராமர் அப்படிச் சொல்றான். எல்லாம் வேல்குமார் காதில் விழுந்தது, எதுவும் ஏறவில்லை. அண்ணன் அந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போன் போடுகிறார் என்பதைத்தான் அவன் கவனித்தான். தனக்கு மாதம் ஒரு தடவை. அதுவும் பண்டிகை, நோம்பி என்று இருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மடத்துக்குளம் கிளம்பும்போது, "நானும் வரட்டுங்ளாண்ணா?" என்று கேட்டான்.

"உனக்குக் கம்பெனில ஷிப்மென்ட் இருக்குமல்லடா. இதெல்லாம் உனக்குச் சலிச்சுப்போகும்."

லோடு ஆட்டோவின் முன்சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். காரை எடுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டிலேயே இருந்துகொண்டு அன்று முழுக்க மனைவி மேல் எரிந்து விழுந்தான்.

போன மாதம் அண்ணன் போனில் சொல்லிக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது. "அந்த ஈட்டி பெஞ்சு உனக்குத்தான் ராமர். நீ கண்டுபுடிச்சது. உன்ற ஊட்டுக்குத்தான் போகோணும்."

பெஞ்சை வாசலில் கிழமேலாகப் போட்டு அண்ணனைக் கிடத்தினார்கள். அப்போதுதான் ராமர் வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காலடியில் நின்று அண்ணனையே பார்த்தான். பிறகு அவன் பார்வை பெஞ்சுக்கு இறங்கியது. வேல்குமார் அதற்காகவே காத்திருந்தான்.

"அண்ணே" என்றான் ராமர், தணிந்த குரலில். "இது வேணாம்ணே."

"எது வேண்டாமுங்க?"

"இந்தப் பெஞ்சு. வெளிய அந்தப் பச்சை கெடக்குல்ல, அதை எடுத்துக்கிருவோம். அண்ணாச்சி அதுல படுக்கட்டும். ஒரு நிமிசம் பொறுங்க, நான் தூக்கிட்டு வந்துர்றேன்."

வேல்குமாருக்குத் தொண்டையில் ஏதோ இனித்தது.

"ஏனுங்க ராமர், எங்கண்ணன் இதுல படுக்கக் கூடாதுங்களா?"

"ஐயோ, அதுக்கில்லண்ணே..."

"மேளக்காரங்க குந்துற பெஞ்சு எங்கண்ணனுக்கு. நல்ல பெஞ்சு உங்களுக்கு. அப்படித்தானுங்களே?"

ஒரு இடத்தில்கூட மரியாதை குறையாமல்தான் சொன்னான். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் மரியாதையாகப் பேசியே ஒருவனைச் செருப்பால் அடிக்கலாம்.

"பொணத்த முன்னால வெச்சுட்டு என்னடா பேச்சு?" என்றார் பெரியப்பா. "தண்ணிய ஊத்துங்க சாமி."

ராமர் முன்னால் வந்தான். குடத்தை வாங்கி ஊற்றினான். அண்ணனின் காதுக்குள் தண்ணீர் போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு ஊற்றினான். அதைப் பார்த்து வேல்குமாருக்கு எரிந்தது. அவன் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே ஊற்றினான். பெஞ்சிலிருந்து வடிந்த தண்ணீர் லேசாகச் சிவந்து ஓடியது. குங்குமம் கரைகிறது என்று நினைத்தான்.

மின்மயானத்தில் எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அண்ணனுக்கு மகன் இல்லை, மகள் யாழினி மட்டும்தான். கொள்ளிச்சட்டி வேல்குமார் கையில் இருந்தது. ராமர் கூட்டத்தில் எங்கோ பின்னால் நின்றான். மயான வேலைக்காரர் வந்து, "பெஞ்சை என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். "இங்கயே கெடக்கட்டுங்க" என்று ராமருக்குக் கேட்கும்படி வேல்குமார் சொன்னான். ராமர் திரும்பவில்லை. மூடிய இரும்புக் கதவைப் பார்த்தபடியே நின்றான். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையிலிருந்து முதல்முறையாக வேல்குமாருக்கு மூச்சு சீராக வந்தது.

வீடு திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஹாலில் ஏற்றிவைத்திருந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். அண்ணி ஜெயபாரதி விளக்குக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாழினி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது.

"சித்தப்பா, ராமர் மாமா பெஞ்சை ஏனுங்க வெளிய போட்டீங்க? மழை வர்ற மாதிரி இருக்குது."

"அது மயானத்துக்குப் போயிருச்சே கண்ணு."

"அது இல்லீங். வாசல்ல கெடக்குதே, பச்சை. அதுதான் ஈட்டி."

வேல்குமார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவிநாசில ஒரு பழைய ரைஸ்மில்லுல மூட்டை அடுக்கறதுக்குப் போட்டு வெச்சிருந்தாங்களாம். மாமாதான் அடியில சுரண்டிப் பார்த்துக் கண்டுபுடிச்சாரு. பெயின்ட்டுக்குக் கீழ அப்படியே கருகருன்னு இருக்குது. இந்த மாசம் பெயின்ட்டை எடுத்துக் குடுக்கறன்னு அப்பா சொல்லியிருந்தாரு."

"அப்ப காலைல எடுத்தது?"

"அது ரெண்டு பேரும் ஏமாந்து வாங்குனதுங்க. ரப்பர் மரத்துக்குச் சாயம் போட்டு வித்துட்டாங்க. யாராச்சும் பார்த்தா மானம் போயிரும்னு அப்பாதான் சாமானுக்கு அடியில தள்ளி வெச்சிருந்தாரு."

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேல்குமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் யார் கண்ணிலும் படக் கூடாதென்று ஒளித்ததன் மேல் அவரை ஊர் பார்க்கப் படுக்கவைத்தாயிற்று. அவர் மேல் ஊற்றிய தண்ணீரில் சிவந்து ஓடியது குங்குமம் இல்லை, சாயம். காலையில் ராமர் கேட்டது தன் பெஞ்சைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. தன் பெஞ்சைக் கொடுக்க வந்திருக்கிறான். கொடுத்திருந்தால் அது மயானத்தில் கிடக்கும், ராமர் வெறுங்கையோடு போயிருப்பான். அதற்கும் தயாராகத்தான் வந்து நின்றான்.

வேல்குமாருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இதிலும் அவன்தான் முந்தியிருக்கிறான்.

எழுந்து வெளியே போனான். மேளக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பந்தல்காரரின் ஆட்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பெஞ்சின் ஒரு ஓரத்தில் ராமர் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தான். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

வேல்குமார் போய்ப் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தான். ராமர் எழுந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு எதுவும் கேட்காமல் தன் பக்கத்து முனையைப் பிடித்துத் தூக்கினான். பெஞ்சு எதிர்பார்த்ததைவிடக் கனத்தது. இரண்டு கையிலும் நரம்பு புடைத்தது. வலது பக்கம், வேப்பமரத்தடியில், ராமரின் லோடு ஆட்டோ நின்றது. இடது பக்கம் வீடு.

ராமர் ஆட்டோ பக்கமாக ஒரு எட்டு எடுத்துவைத்தான். வேல்குமார் அசையவில்லை. உன்ற ஊட்டுக்குத்தான் போகோணும் என்று அண்ணன் போனில் சொன்னது அவன் காதிலேயே நின்றது.

ராமர் நின்றான். பெஞ்சு இரண்டு பேருக்கும் நடுவே அப்படியே இருந்தது. அதன் பச்சையில் மழைத்துளிகள் விழுந்து வழிந்தன.

வேல்குமார் வீட்டைப் பார்த்துத் தள்ளினான். ராமர் தன் முனையை வீட்டுப் பக்கம் திருப்பி, பின்னோக்கி அடிவைத்து நடந்தான்.

"படி இருக்குண்ணே" என்றான், நிலையை முதுகால் தடவிப் பார்த்து ஏறிக்கொண்டே. "பாத்து வாங்க."

ஹாலில் விளக்குக்கு எதிர்ச்சுவரை ஒட்டி இறக்கினார்கள். சத்தம் கேட்டு அண்ணி தலையைத் திருப்பினாள். பெஞ்சைப் பார்த்தாள், ராமரைப் பார்த்தாள், வேல்குமாரைப் பார்த்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராமர் விளக்கைக் கும்பிட்டான். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தான். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள், அதுதான் முறை. வேல்குமார் அவன் முகத்தைப் பார்க்க முயன்றான். துண்டுதான் தெரிந்தது.

நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். லோடு ஆட்டோவின் பின்தட்டில் பனியன் வேஸ்ட் துணிகள் பரப்பியிருந்தன, மரச்சாமான் உரசாமல் இருக்க. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்க் கட்பீஸ்கள், மழையில் கருத்துக்கொண்டிருந்தன. ராமர் வண்டியில் ஏறப்போனவன் இறங்கிப் பின்னால் வந்தான். ஒவ்வொரு துணியாக எடுத்து உதறி, நான்காக மடித்து, சீட்டுக்கு அடியில் வைத்தான். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தான்.